பதாகைக்குப் பின்னால்

குழந்தைகளின் பாதுகாப்பே ஒரு நாகரிகத்தின் முதல் அறம். மலேசியாவின் ஜுருவில் ஒரு தொழிற்சாலையின் குழந்தைகள் காப்பகத்தில் இந்த வாசகத்தைப் பதாகையாக அடித்து, பூட்டிய அவசரக் கதவின் மேல் மாட்டியிருந்தார்கள்.

விடிவதற்குள் காப்பக ஆசிரியை நவமணி பாய்களை உதறி, பினாயில் தண்ணீரில் தரையைத் துடைத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். போன மாதம் பக்கத்துக் கிடங்கில் அட்டைப்பெட்டிகள் எரிந்து இங்கே புகை நிறைந்தபோது, அந்தக் கதவை இடித்து இடித்து ஓய்ந்து, பிள்ளைகளை ஜன்னல் வழியே இறக்கியவள் அவள். யாருக்கும் காயமில்லை. ஆனால் இன்றும் தேநீரில் ஆவி பறந்தால் ஐந்து வயது இமான் மேசைக்கடியில் ஒளிந்துகொள்கிறாள்.

"பூட்டியிருந்ததை மட்டும் தாய்மார்கிட்ட சொல்லாதேம்மா, பயந்துடுவாங்க. திங்கக்கிழமை திறந்துடலாம். நாமெல்லாம் ஒரே குடும்பம்லா," என்றார் முதலாளி டத்தோ சந்திரசேகரன். நவமணி நம்பினாள்.

திங்கட்கிழமை கதவு திறக்கவில்லை. கரடி வந்தது. கையில் மாட்டும் பொம்மைக் கரடி, அதை ஆட்டிப் பிள்ளைகளின் பயம் போக்க ஓர் ஆலோசகர், படமெடுக்க ஒருவர், கைதட்டச் சீருடையில் தாய்மார், எல்லாருக்கும் முன்னால் டத்தோ.

கரடி நல்ல கரடிதான். பயம் வந்தால் சூடான சூப்பை ஊதுவதுபோல மெல்ல மூச்சு விடச் சொன்னது. இமான் ஊதி ஊதி மேசையை விட்டு வெளியே வந்தாள்.

"பெரியவங்க யாராச்சும் மிட்டாய் குடுத்து, 'யார்கிட்டயும் சொல்லாதே'ன்னா என்ன செய்யணும்?" என்று கேட்டது கரடி.

"சொல்லணும்!" இமான் கை தூக்கினாள். "டத்தோ அங்கிள் சாக்லேட் குடுத்தாரு. கதவு பூட்டியிருந்துச்சுன்னு சொல்லாதேன்னாரு."

கரடியின் வாய் திறந்தபடி நின்றது.

"எந்தக் கதவு?" இமானின் தாய் ரோஹானா எழுந்தாள்.

"சின்னப் புள்ள, கற்பனைலா," டத்தோ சிரித்தார். "கதவு எப்பவும் திறந்துதான் இருக்கும். டீச்சர்தான் பதறிப்போயி, திறக்கத் தெரியாம நின்னுட்டாங்க."

ஒரே குடும்பம். நவமணிக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது.

"பூட்டிதான் இருந்துச்சு. திறக்குறேன்னாரு, நம்பி உங்ககிட்ட மறைச்சுட்டேன்," என்றாள்.

"மறைச்சது தப்புக்கா. அதை அப்புறம் பேசிக்குவோம்," என்ற ரோஹானா திரும்பினாள். "திறந்துதானே இருக்கு டத்தோ? காட்டுங்க."

டத்தோ பதாகையை விலக்கிப் பிடியை இழுத்தார். தள்ளினார். மறுபடி இழுத்தார்.

"சூப்பை ஊதுங்க அங்கிள்," என்றாள் இமான்.

வேலை தொடங்கும் மணி அடித்தது. ரோஹானா பாயில் உட்கார்ந்தாள். பின்னால் ஒவ்வொருத்தியாக எல்லாரும் உட்கார்ந்தார்கள். "கதவு திறக்கட்டும், வர்றோம்," என்றது ஒரு குரல். ரோஹானா நகர்ந்து நவமணிக்கு இடம் விட்டாள்.

சாவி யாரிடம் இருக்கிறது என்று டத்தோவுக்குத் தெரியாது.