பச்சைத் தவளை முத்திரை

ராய்ஸ் ஹாஸ்லெட் செத்துக் கிடந்த அறை, விருந்தாளி வரப்போகிற அறை மாதிரி துடைத்து வைக்கப்பட்டிருந்தது. புது விரிப்பு, இஸ்திரி போட்ட சட்டை. தலையைக்கூட வாரிவிட்டிருந்தார்கள். மரண விசாரணை அலுவலகத்திலிருந்து வந்திருந்த லோர்னா பெட்ராக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபத்திரண்டு வருஷமாக இதே கூத்துதான். இந்த மலையோர ஊர்களில் பிள்ளை போதையில் செத்துப்போனால் அம்மாக்கள் முதலில் எடுப்பது போனை அல்ல, வாளியையும் துடைப்பத்தையும். ஊசி, கரண்டி, காகிதப் பை எல்லாம் மாயமான பிறகுதான் போன் வரும். பையனுக்கு நெஞ்சு நின்றுவிட்டது என்பார்கள்.

போலீஸ்காரர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். பிண வண்டி இன்னும் வரவில்லை.

"அவனுக்குச் சின்ன வயசுலேர்ந்தே நெஞ்சு வீக்கு, கண்ணு," என்றாள் ராய்ஸின் அம்மா ஓபல், சமையலறை மேசையில் காப்பியை வைத்தபடி. பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் முப்பது வருஷம் பரிமாறிய கை, இன்று காப்பியைச் சிந்தியது. "உங்க டாக்டர்கிட்ட அப்படியே எழுதச் சொல்லு. சர்ச்சுல எல்லாரும் கேப்பாங்க."

"முப்பத்தோரு வயசும்மா அவனுக்கு. கையெல்லாம் ஊசித் தடம். நான் என்ன குருடியா?"

ஓபல் சிந்திய காப்பியைத் துடைத்தாள். குளியலறையில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இளையவன் கோல்ட்டன் குளிக்கிறானாம். "எங்க முன்னாடி அழமாட்டான். தண்ணியத் திறந்துவிட்டுட்டுத்தான் அழுவான்," என்றாள்.

லோர்னாவின் கோபம் முழுக்க ஓபல் மேல் என்று சொல்லிவிட முடியாது. வெள்ளிக்கிழமையிலிருந்து இது மூன்றாவது சாவு. முதல் இருவர் பக்கத்திலும் ஒரே மாதிரி போதைப்பொடி மடித்த சின்னக் காகிதப் பை, அதில் விற்பவன் குத்திய பச்சைத் தவளை முத்திரை. அந்தச் சரக்கு ஆளைக் கொல்கிறது என்று உடனே ஊருக்கு எச்சரிக்கை விடச் சொல்லி, திங்கட்கிழமை தலைமை டாக்டர் பெல்மரிடம் போய் நின்றாள். அந்த மனிதர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கினால்தானே.

"ரத்தப் பரிசோதனை வரட்டும் லோர்னா. அதுவரைக்கும் சாவுக் காரணம் நிலுவையில. ரெண்டு தவளையப் பாத்துட்டு மாவட்டத்தையே மிரட்டச் சொல்றியா? மூணாவது கிடைச்சா வா, பேசலாம்."

பரிசோதனை வர பத்து வாரமாகும். அதுவரை அலுவலகச் சுவரிலுள்ள போதைச் சாவு வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளிகூட ஏறாது. தவளை விற்கிறவனுக்கு நிலுவை ஏது? அவன் பாட்டுக்கு விற்றுக்கொண்டிருப்பான். மூன்றாவது தவளையைத் தேடி வந்தால், இந்த அம்மா அதையும் கழுவிக் கவிழ்த்துவிட்டாள்.

"பை எங்கம்மா?"

"எந்தப் பை?"

லோர்னா பெருமூச்சு விட்டு, தன் பையிலிருந்து போதையை முறிக்கும் இரண்டு மூக்கு மருந்துகளை எடுத்து மேசைமேல் வைத்தாள். "இதையாவது வச்சுக்கோங்க. யாருக்காவது மூச்சு நின்னா மூக்குல அடிக்கணும்."

"எடு அதை. இந்த வீட்ல அந்த மாதிரி ஆளு யாரும் கிடையாது."

"ஒருத்தன் உள்ள செத்துக் கிடக்கான்மா. இன்னும் யாருக்கு வேஷம் போடறீங்க?"

சொன்ன பிறகுதான் லோர்னாவுக்கே சுருக்கென்றது. ஓபல் எழுந்துபோய் மாவு டப்பாவுக்குள் கைவிட்டு, ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டை எடுத்து வைத்தாள். மாவு படிந்த காகிதப் பைகள். எல்லாவற்றிலும் பச்சைத் தவளை.

"பத்துப் பை கட்டு. அவன் ஒண்ணுதான் பிரிச்சிருந்தான். போலீஸ் கண்ணுல படக்கூடாதுன்னு மீதி ஒம்பதையும் காலைல இதுக்குள்ள போட்டேன்."

லோர்னா எண்ணினாள். எட்டு. மறுபடி எண்ணினாள். எட்டுதான்.

"காலைலேர்ந்து வீட்டுக்கு யாரு வந்தாங்க?"

"யாரும் வரலையே. நானும் கோல்ட்டனும்தான்."

குளியலறையில் தண்ணீர் இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு நேரமா குளிக்கிறான்?"

ஓபல் ஓடினாள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. லோர்னா தோளால் மூன்று முறை மோதியதும் தாழ் பிய்த்துக்கொண்டது. கோல்ட்டன் உடுத்திய துணியோடு தொட்டிக்குள் சாய்ந்து கிடந்தான். உதடு நீலமாகியிருந்தது. லோர்னா அவனைத் தரைக்கு இழுத்துப் போட்டு, மேசையிலிருந்து எடுத்து வந்த ஒரு மருந்தை மூக்கில் அடித்தாள், வாயில் வாய் வைத்து ஊதினாள். அசைவில்லை. "இன்னொண்ணு," என்று திரும்பினால், இந்த வீட்டில் வேண்டாம் என்ற அதே மருந்தை ஓபல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அதையும் அடித்தார்கள். கோல்ட்டனின் தொண்டை கரகரத்தது. ஒரு மூச்சு. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, லோர்னா ஈரத் தரையில் உட்கார்ந்தபடியே பெல்மரைக் கூப்பிட்டாள்.

"மூணாவது தவளை கிடைச்சாச்சு டாக்டர். நாலாவது ஆளு இன்னும் மூச்சு விட்டுட்டிருக்கான். எச்சரிக்கை விடறீங்களா, இல்ல இவனையும் பத்து வாரம் நிலுவையில வைக்கணுமா?"

அந்தப் பக்கம், குடும்பத்தின் அந்தரங்கம், உறுதியாகாத தகவல் என்று டாக்டர் இழுத்தார். மகன் தலையை மடியில் வைத்திருந்த ஓபல், ஈரக் கையை நீட்டி போனை வாங்கிக்கொண்டாள்.

"ஐயா, நான் ராய்ஸோட அம்மா பேசறேன். நெஞ்சு வீக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. எங்க வீட்டுப் பேரைப் போட்டே ஊருக்குச் சொல்லுங்க. இப்பவே சொல்லுங்க. சர்ச்சுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."