யோஸ்டுக்கு இன்று பிறந்த நாள் இல்லை

1.
இக்கதை ஒரு வாழ்த்திலிருந்து பிறந்தது. எங்கள் டச்சுக் குடும்பங்களில் பிறந்த நாள் கண்ட பிள்ளையை மட்டும் வாழ்த்தினால் மரியாதை ஆகாது. பெற்றவளையும் கைபற்றி வாழ்த்த வேண்டும். ஜாவாவில் ஜப்பானியப் படை எங்களை மூங்கில் வேலிக்குள் அடைத்த பின்னரும் அவ்வழக்கம் எங்கள் நாவைவிட்டு அகலவில்லை.

(முதலில், "வானம் சிவந்திருந்த அந்தக் காலையில்" என்று தொடங்கினேன். அடித்துவிட்டேன். வானத்தை யார் பார்த்தார்கள்? கஞ்சி வாளியையல்லவா பார்த்தோம்.)

2.
பத்து வயது நிரம்பிய ஆண்பிள்ளை தாயைப் பிரிந்து ஆண்கள் முகாமுக்குச் செல்ல வேண்டும் என்பது ஆணை. ஆகவே அலைடா, தன் மகன் யோஸ்டின் வயதையும் பிறந்த நாளையும் மாற்றிச் சொல்லியிருந்தாள். அடுத்த பாயில் கிடந்த சிறுமி நான்.

"உனக்கு எத்தன வயசுடா?"

"எட்டும்மா."

"எட்டு வயசுப் பய இப்படியா நெஞ்ச நிமித்திக்கிட்டு நிப்பான்? கூனுடா."

"கூனினா கொர்னேலியா அத்தை மாதிரி ஆயிடுவேனே!"

படுத்திருந்த கொர்னேலியா தலையைத் தூக்கினாள். "எல்லாருக்கும் உடம்பு வத்திப்போச்சு. இவனுக்கு வாய் மட்டும் வத்தல பாரு."

(இத்தகைய கதையில் சிரிப்பு தகுமா என்று ஐயுற்றேன். ஆயினும் அன்று சிரித்தோம்.)

3.
மறுநாட்காலைக் கணக்கெடுப்பில் வரிசையாகக் குனிந்து வணங்கி நிமிர்ந்தோம். கொர்னேலியா கொடியவள் அல்லள். (அவளைக் கொடியவளாக்கிய படியைக் கிழித்தெறிந்தேன்.) பழகிய கை, தானே நீண்டு அலைடாவின் கையைப் பற்றியது.

"உன் மகனுக்காக உனக்கு வாழ்த்துகள்டி, அலைடா!"

சொன்ன பிறகே வாயைப் பொத்தினாள்.

எதிரே மொழிபெயர்ப்பாளர் மிசவா நின்றிருந்தார். போருக்கு முன் செமாராங்கில் நிழற்பட நிலையம் நடத்தியவர். எங்கள் வீடுகளின் பிறந்த நாள்களைப் படம் பிடித்தவர். அவ்வாழ்த்தின் பொருள் அவருக்குத் தெரியும்.

அவர் யோஸ்டைப் பார்த்தார். யோஸ்ட் மெல்லக் கூனினான். அலைடா அவனைத் தொடவில்லை, தொட்டால் தெரிந்துவிடும்.

மிசவா எங்கள் மொழியிலேயே, தாழ்ந்த குரலில் சொன்னார்: "வாழ்த்துகள், அம்மா."

அவருக்குப் பின்னால் நின்ற ஜப்பானிய அதிகாரி கேட்டார்: "அவங்க என்ன பேசிக்கிறாங்க?"

4.
ஒரு முடிவில் மிசவா உள்ளதை மொழிபெயர்க்கிறார், யோஸ்டை ஆண்கள் முகாமுக்குக் கொண்டுபோக வண்டி வருகிறது. மற்றொன்றில், "கஞ்சியப் பத்தித்தான் பேசிக்கிறாங்க, ஐயா" என்கிறார். இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன். நடந்தது எதுவென்று அறிவேன். அறிந்தமையாலேயே எழுத மறுக்கிறேன். நான் எழுதாத வரையில் யோஸ்ட் தாயின் அருகில்தான் நிற்பான்.

வாசகரே, அவனுக்கு இன்று வயது பத்து என்பது இப்போது உமக்கும் தெரியும். அதிகாரி உம்மையும் கேட்கக்கூடும்.