தானாக முளைத்த ஏலம்

எனக்கு ஜீப்பைக் கண்டாலே ஆகாது. தேவிகுளத்துக்கு மேலே எங்கள் எஸ்டேட்டுக்குள் ஜீப் வந்த நாளெல்லாம் யாராவது ஒரு தொழிலாளிக்குக் கம்பெனி கொடுத்த லயத்து வீடு போயிருக்கிறது. அதனால் எழுபத்துமூன்றில் அந்த யூனிவர்சிட்டிக்காரர் வந்து இறங்கி எங்கள் லயத்து ராமுத்தாயக்கா வீட்டுப் பக்கம் நடந்தபோது, யூனியன் செயலாளரான நான்தான் முன்னால் போய் நின்றேன்.

அந்த வருடம் எஸ்டேட் ஏலச்செடிகள் எல்லாம் நோயில் வெளுத்துச் சுருண்டிருந்தன. அக்கா வீட்டுக்குப் பின்னால் மட்டும் எட்டுத் தூர் ஏலம் பச்சைப்பசேலென்று நின்றது. ஒன்பது வருடமாக நோய் கண்டதைப் பிடுங்கி எறிந்து, பிழைத்ததில் மட்டும் விதை எடுத்து வளர்த்தவள் அவள். லயத்துக்காரர்கள் ஏலம் வைக்கக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். வைத்தால் திருட்டு விதை என்பார்கள், வீடு போய்விடும்.

"ஆரு வளர்த்தியது? பேரு எழுதணும்" என்றார் வந்தவர், பாதித் தமிழில். கையில் நோட்டு, செருப்பில் துளி சேறு இல்லை. யூனிவர்சிட்டி என்று சொன்னாலும் கம்பெனி அனுப்பிய ஆளேதான் என்று முடிவு கட்டினேன்.

"நடலன்னு சொல்லிருங்கக்கா" என்று காதில் சொன்னேன்.

"நான் வளத்தத இல்லைன்னு சொல்லச் சொல்லுதியா?"

"வீடு வேணுமா வேணாமா?"

அக்கா செடிகளைத் திரும்பிப் பார்த்தாள். "தானா மொளச்சதுய்யா" என்றாள். அவர் மறுபடி கேட்டார், மறுபடியும் அதேதான். இரண்டு தூரை வேரோடு வாங்கிக்கொண்டு போனார். ஒரு ஆபத்தைத் தள்ளிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

ஐந்து வருடத்தில் அந்த ஏலம் மலையெல்லாம் பரவியது. யூனிவர்சிட்டிக்கு டெல்லிவரை பேர். அதன் வரலாற்றை மலையாளத்தில் புத்தகமாகவும் போட்டார்கள். நூலகத்திலிருந்து எடுத்துப் போனேன்.

"நம்ம ஏலம் வந்திருக்காமே, வாசி தம்பி" என்று கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள் அக்கா.

"தேவிகுளம் மலையில் தானாக முளைத்திருந்த செடியை எங்கள் ஆராய்ச்சியாளர் கண்டெடுத்தார்" என்று தமிழில் சொன்னேன். அடுத்த வரியை வாசிக்காமல் விட்டேன். இந்த ஏலத்துக்கு வளர்த்தவர் பெயரையே வைக்க விரும்பித் தேடிப் போனோம், அப்படி ஒருவர் இல்லாததால் யூனிவர்சிட்டியின் பெயரை வைத்தோம் என்று அதில் இருந்தது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்க்கா."

அக்கா புத்தகத்தை வாங்கி, படிக்கத் தெரியாத அந்தப் பக்கத்தையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நெசமாவே அம்புட்டுத்தான் போட்டிருக்கா வேதமுத்து?"

அதுவரை அவள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.