மூன்று ஸ்லைடில் ஒரு திங்கள்

கவிதையை நடத்தினால் பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்று மேலிடத்தில் யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். இனி படம், ஒலி, அசைவு எல்லாம் சேர்த்துப் பிள்ளைகளே திரையில் கவிதையைக் காட்டுவார்கள். ஆசிரியர் ஓரமாக நின்று மதிப்பெண் போட்டால் போதும். மதிப்பெண் தாளில் படத்துக்குப் பத்து, ஒலிக்குப் பத்து, எழுத்தின் நிறத்துக்கு ஐந்து என்று கட்டம் கட்டியிருந்தது. கவிதைக்குக் கட்டம் இல்லை. தமிழ் டீச்சர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

தலைமையாசிரியை சுற்றி வளைக்கவில்லை. மூன்று வாரம் கழித்து வியாழக்கிழமை அதிகாரி வருகிறார், அவருக்குப் பிடித்தால் கவிதை வகுப்பு இருக்கும், பிடிக்காவிட்டால் அந்த இரண்டு பீரியடும் கணினி வாத்தியாருக்குப் போய்விடும் என்றார். வாரத்தில் கவிதைக்கு மிச்சமிருந்ததே அந்த இரண்டுதான். மற்றதெல்லாம் விண்ணப்பம் எழுதும் முறை, விளம்பரம் எழுதும் முறை.

டீச்சர் பாடப்புத்தகத்திலேயே சின்னக் கவிதையாகப் பார்த்து ஒரு குழுவுக்குக் கொடுத்தார்.

திங்கள் வந்தது
தெருவெல்லாம் வெளுத்தது
நீ வரவில்லை

பொருள் சொல்ல வாயெடுத்தவர் மூடிக்கொண்டார். ஆசிரியர் பொருள் சொன்னால் கற்பனை கெடும் என்று மேலிடத்துச் சுற்றறிக்கையில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. குழுத் தலைவனுக்குப் பட்டப்பெயர் சவுண்டு. மூன்று வாரமாக எப்போது கேட்டாலும் சஸ்பென்ஸ் டீச்சர் என்று நழுவினான். மூணு வரிக்கு மூணு வாரமா, நம்ம கல்யாணப் பத்திரிகையையே ரெண்டு நாள்ல அடிச்சுட்டாங்களே என்றார் டீச்சரின் வீட்டுக்காரர்.

அந்த வியாழக்கிழமை விளக்கை அணைத்தார்கள். திரையில் ஒரு நாட்காட்டி வந்தது. அதில் திங்கட்கிழமை மட்டும் விட்டு விட்டு மின்னியது, பின்னணியில் பள்ளிக்கூட மணி. இரண்டாவதில் தெரு நீளத்துக்குக் கொடி கட்டி வெள்ளைச் சட்டைகள் காய்ந்தன, சோப்பு நுரை பறந்தது. மூன்றாவதில் காலியான ஒரு பெஞ்சு, அதன்மேல் சிவப்பில் 'ஆப்சென்ட்'.

அதிகாரி எழுந்து நின்றே கைதட்டினார்.

"பசங்க எவ்வளவு நுணுக்கமா புடிச்சிருக்காங்க பாருங்க. திங்கக்கிழமையானா லீவு போடுற புத்தி இருக்கே, அதைக் கவிஞர் அப்பவே கண்டிச்சிருக்காரு. சட்டையெல்லாம் துவைச்சு ரெடி, ஆளைத்தான் காணோம். என்ன மேடம், சரிதானே?"

நிலா என்பது இரண்டே எழுத்து. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதிகாரியின் நாற்காலிக்குப் பின்னால் தலைமையாசிரியை நின்றிருந்தார். அவர் கையில் அடுத்த வருட கால அட்டவணை, பென்சிலில் போட்டது.

"சரிதாங்க," என்றார் டீச்சர்.

இரண்டு பீரியடும் பிழைத்தன. இந்தப் படக்காட்சி எல்லாப் பள்ளிக்கும் மாதிரியாகப் போகும் என்று அதிகாரி அங்கேயே அறிவித்தார். சொன்னபடியே போயிற்று. கூடவே விடைக்குறிப்பும் அச்சாகி வந்தது, அதிகாரியின் கையெழுத்தோடு.

அது வந்த அன்று வகுப்பு முடிந்ததும் எந்தக் குழுவிலும் சேராத ஒரு மாணவி புத்தகத்தோடு மேசைக்கு வந்தாள்.

"டீச்சர், திங்கள்னா நிலா இல்லையா? எங்க அத்தை சொன்னாங்க."

"ஆமாம்மா."

"அப்ப தெரு வெளுத்தது நிலா வெளிச்சத்துல." அவள் வரியைத் திரும்ப ஒருமுறை வாய்க்குள் படித்தாள். குரல் தணிந்தது. "நிலாகூட வந்திருச்சு. அவங்க வரல."

இத்தனை வருஷத்தில் அந்த மூன்றாவது வரியை இப்படி மெதுவாகச் சொன்ன பிள்ளை வேறில்லை. இன்னும் ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தார். கேட்டாள்.

"பரீட்சையில எது எழுதணும் டீச்சர்?"

விடைக்குறிப்பு மேசை மேல்தான் இருந்தது. முழு வகுப்புக்கும் அதை வைத்துத்தான் திருத்தியாக வேண்டும், இவளுக்கும் சேர்த்து.

"கிழமைன்னே எழுதும்மா."

சரி டீச்சர் என்று அவள் குனிந்து, வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்த 'நிலா'வைத் தேடினாள். அவளிடம் ரப்பர் இல்லை. டீச்சர் டிராயரைத் திறந்து, தன்னுடையதை எடுத்துக் கொடுத்தார்.