பதினோரு வரி முகவரி

செய்னம்புவின் தங்கச்சிக்குப் பிறந்த பெண் குழந்தை முகத்தை மூடிக்கொண்டு பிறந்துவிட்டது. அதனால் அதைப் பெரியாஸ்பத்திரியில் நிறுத்திவைத்திருந்தார்கள். பனிக்குடத்துத் தோல், சல்லாத் துணி மாதிரி, நெற்றியிலிருந்து தாடைவரை ஒட்டியிருந்ததாம். நர்சம்மா உடனே எடுத்துவிட்டாள். ஆனாலும் ஆஸ்பத்திரி பொது இடம். மூடியது மூடியதுதான்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, என் கண்ணுகளா. பொது இடத்தில் முகத்தை மூடலாமா கூடாதா என்று அப்போது விவாதம் நடந்துகொண்டிருந்தது. அது முடிகிறவரை, மூடியிருப்பவர்கள் திறக்கக்கூடாது, திறந்திருப்பவர்கள் மூடக்கூடாது. இந்தப் பிள்ளை மூடிக்கொண்டு வந்து, வந்த இடத்தில் திறந்தும் விட்டது. இரண்டு குற்றம்.

செய்னம்பு வீட்டைப் பூட்டினாள். புர்காவைப் போட்டு, முகத்திரையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். கையில் சின்னதாக ஒரு தேன் சீசா. சேனை தொட்டு வைக்கத்தான். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பை யார் தடவுகிறாரோ, அவர் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்று அவர்கள் ஊரில் சொல்வார்கள்.

தங்கச்சி மர்லியாவுக்கே அவள்தான் வைத்தாள், தன் ஒன்பது வயதில். மர்லியா இப்போதும் அதையே கேட்டிருந்தாள்.

"நீதான் வைக்கணும் லாத்தா. உன்ன மாதிரி வாயில்லாத பிள்ளையாப் போனாலும் போகட்டும். உன்ன மாதிரி மனசு வேணும்."

பிள்ளையின் வாப்பா கப்பலில் இருந்தார். பிள்ளையின் காதில் ஓத வேண்டிய பாங்கைப் போனில் சொல்லிவிட்டார். தேனைப் போனில் தர முடியாது. செய்னம்பு வந்தாக வேண்டும்.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி கையைக் குறுக்கே நீட்டினார்.

"முகம்?"

"இருக்குங்க."

"எங்க?"

"உள்ளதான்."

"சரி, போங்க. வராந்தா முடியுற எடத்துல வார்டு."

வராந்தாவுக்கு எட்டுத் தூண். நாலாவது தூணடியில் ஒரு மேசை, இரண்டு ஆண்கள். அங்கேதான் விவாதம். ஒருவர் தடை வேணும் என்பவர். மற்றவர் வேண்டாம் என்பவர். நர்சுகள் அவர்களை வேணுங்காரர், வேண்டாங்காரர் என்றே கூப்பிட்டார்கள். இரண்டு பேருக்கும் ஒரே டம்ளர் டீ. ஒருவர் பேசும்போது மற்றவர் குடிப்பார்.

வேணுங்காரர் செய்னம்புவைக் காட்டினார். "இந்தம்மா இருட்டுக்குள்ள இருக்காங்க."

டம்ளர் கை மாறியது.

"இந்தம்மா நிம்மதிக்குள்ள இருக்காங்க," என்றார் வேண்டாங்காரர்.

வராந்தா இரண்டு தூண் நீண்டது. ஒரு வாக்கியத்துக்கு ஒரு தூண். அதுதான் கணக்கு.

"அண்ணே, நான் ஒரு வார்த்த..."

"குறுக்க பேசாதீங்கம்மா. உங்களுக்காகத்தான் தொண்டத் தண்ணி வத்தப் பேசிக்கிட்டிருக்கோம்."

இதை இரண்டு பேரும் சேர்ந்தே சொன்னார்கள். எத்தனையோ மாதத்தில் அவர்கள் ஒத்துப்போனது இது ஒன்றில்தான். சேர்ந்து சொன்னதால் வாக்கியத்துக்கு ஒரு தூண்தான் கூடியது.

செய்னம்பு யோசித்தாள். "நான் கழட்டிடுறேன்ணே. பிள்ளையப் பாத்துட்டு வந்து பொறவு போட்டுக்கிறேன்."

இரண்டு முகமும் வாடிப்போயின.

"நீங்களா கழட்டுனா அது எனக்கு வெற்றி இல்லியே," என்றார் வேணுங்காரர்.

"நீங்களா போட்டுக்கிட்டா நான் எதுக்கு?" என்றார் வேண்டாங்காரர். அவர் கண் கலங்கியிருந்தது. பாவமாகத்தான் இருந்தது.

அவள் நடந்தாள். போன் அடித்தது.

"எங்க லாத்தா வர்ற?"

"ஒம்பதாவது தூண்லடி. இன்னும் ஏழெட்டு இருக்கும்போல."

"இங்கேருந்து பாத்தா மூணுதான் தெரியுது. சீக்கிரம் வா. புள்ள அழ ஆரம்பிச்சிருச்சு. நான் யாரையும் அது வாயில ஒன்னும் வைக்கவிடல."

பதினைந்தாவது தூணில் ஒரு சன்னல். உள்ளே மரகதம் என்ற எழுத்தர், கழுத்தில் தையல்காரர் டேப்போடு உட்கார்ந்திருந்தாள். படிவத்தை எடுத்தாள்.

"முகவரி?"

"பதினாலு, சின்னப்பள்ளித் தெரு."

"அது வீடுக்கா. நான் கேட்டது முகவரி. முகத்துல எத்தன வரி?"

"எண்ணிப் பாத்ததில்லயேம்மா."

மரகதம் அவளை ஒரு தடுப்புக்குள் கூட்டிப்போனாள். நாலு பக்கமும் பச்சைத் துணி. மேலே 'பொது இடத்தில் முகம் காட்டும் இடம்' என்று பலகை. செய்னம்பு திரையை அவிழ்த்தாள். மரகதம் டேப்பை வைத்து அளந்தாள்.

"நெத்தியில மூணு. கண்ணோரம் இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் மூணு. வாயோரம் ரெண்டு. மொத்தம் பதினொன்னு." டேப்பைச் சுருட்டினாள். "நல்ல முகம்க்கா. யாரும் சொன்னதில்லயா?"

"எங்க வீட்டுக்காரர் சொல்லுவாரு. பெருநாளைக்கு மட்டும்."

மரகதம் சிரித்துவிட்டுச் சீட்டில் முத்திரை குத்தினாள். "வார்டு வாசல்ல சரிபாப்பாங்க. எண்ணிக்க மாறக்கூடாது. அப்புறம், கையால பொத்துறது, முந்தானைய வாயில வைக்கிறது, இதெல்லாமும் மூடுறதுதான்."

"இதக் கட்டிக்கவா, வேண்டாமா?"

"விவாதம் முடிஞ்சதும் சொல்லி அனுப்புறோம்."

செய்னம்பு திரையின் ஒரு முனையைக் காதோரம் கட்டினாள். மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டாள். அப்படியே நடந்தாள்.

நடுவில் பேச்சுச் சத்தம் நின்றது. டீ தீர்ந்து, புது டீ வந்திருக்கும். வராந்தா அசையாமல் கிடந்தது. இதுதான் சமயம் என்று அவள் ஓடினாள். ஓடி வார்டுக் கதவைத் தள்ளினாள்.

உள்ளே மேசை இருந்தது. வராந்தா நீண்டு நீண்டு ஒரு சுற்று வந்திருந்ததால், அந்த மேசை இப்போது மர்லியாவின் கட்டிலருகே கிடந்தது. இரண்டு பேரும் தொட்டிலுக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். இரண்டு பேரின் ஆள்காட்டி விரலும் நனைந்திருந்தது.

"பிள்ள அழுதுச்சும்மா," என்றார் வேணுங்காரர். "ஆளுக்கு ஒரு விரல் டீ தொட்டு வச்சோம்."

"ரெண்டு பக்கமும் சமமா," என்றார் வேண்டாங்காரர்.

"நான் தடுத்தேன் லாத்தா," என்றாள் மர்லியா. "என்னையும் குறுக்க பேசாதன்னுட்டாங்க."

செய்னம்பு தொட்டிலில் குனிந்தாள். நல்ல நிறம். மர்லியாவின் மூக்கு. குழந்தை கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது. தொண்டையைச் செருமியது.

"இந்தம்மா சார்பா நான் ஒன்னு சொல்லிக்கிறேன்," என்றது.

"அடடா," என்றார்கள் இரண்டு பேரும்.

"கண்ணு, நான் உன் பெரியம்மாடா. சேனை கொண்டாந்திருக்கேன்."

"குறுக்க பேசாதீங்க," என்றது குழந்தை.

செய்னம்புவின் கைகள் தானாக முகத்துக்குப் போயின.

"கை, கை," என்று மரகதம் ஓடிவந்தாள். செய்னம்பு கைகளை இறக்கினாள். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது. மரகதம் டேப்பை எடுத்து ஒவ்வொன்றாக எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"பன்னெண்டு வருதேக்கா."

"எது புதுசு?"

"கன்னத்துல. ஈரமா ஒன்னு."

"அது கண்ணீரும்மா."

"வரியாத்தானே போகுது? முகவரி மாறிப்போச்சு. பழைய சீட்டு செல்லாதுக்கா. வாசல்லேருந்து மறுபடி வாங்க." மரகதம் இதை அன்பாகத்தான் சொன்னாள். முதுகில்கூடத் தட்டிக்கொடுத்தாள்.

மர்லியா கட்டிலிலிருந்து கையை நீட்டினாள். "தேன் சீசாவக் குடு லாத்தா, நானாவது..."

குழந்தை பேசத் தொடங்கியது. கட்டிலுக்கும் செய்னம்புவுக்கும் நடுவில் ஒரு தூண் முளைத்தது. பிறகு ஒன்று. பிறகு ஒன்று. மர்லியாவின் கை நீட்டியபடியே சின்னதாகிக்கொண்டு போனது.

செய்னம்பு தேன் சீசாவோடு வாசல்வரை நடந்தாள். காவலாளி கையைக் குறுக்கே நீட்டினார்.

"முகம்?"

"இருக்குங்க."

"எங்க?"

செய்னம்பு திரும்பிப் பார்த்தாள். வராந்தாவின் மறுமுனை தெரியவில்லை. குழந்தைக்கு நல்ல குரல். இவ்வளவு தூரத்துக்கும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

"அதத்தான் உள்ள பேசிக்கிட்டிருக்காங்க," என்றாள்.