கதவில்லாத வாங்கு

தமிழ்ப் பூசை நடக்கிற கோயிலின் கொதிகலன் தபசுகாலம் தொடங்கும் நேரம் பார்த்துப் பழுதாகித் தொலைத்தது. மொன்றியலின் மாசி மாதத்தில் சூடில்லாத கோயிலில் இருந்து செபிக்கப் புனிதர்களாலும் முடியாது. சுவாமியார் அங்கே இங்கே கேட்டு, ஜேர்மன்காரரின் லுத்தரன் கோயில் ஒன்றை ஞாயிறு பின்னேரங்களுக்கு வாங்கித் தந்தார். அவர்களில் உயிரோடு மிஞ்சியிருந்தது கொஞ்சக் கிழவிகள்தான்.

அந்த 2004ஆம் ஆண்டு மாரியில் றோசலினுக்கு எல்லாமே பிடித்திருந்தது, குளிர்கூட. அவளுடைய மகள் றொஷினியும் லவாலில் இருக்கிற ஞானேந்திரனின் மகன் நிஷானும் பல்கலைக்கழகத்தில் தொடங்கி இரண்டு வருடமாக விரும்பியிருந்தார்கள். நிஷானின் தாய் அக்னெஸ் முதலில் முகம் கொடுக்கவில்லை. பிறகு மெல்ல மெல்ல இறங்கி வந்து, “பிள்ளையள் விரும்பிட்டினம், நாங்கள் என்ன செய்யிறது, ஒரு ஞாயிறு பூசை முடிய இருந்து கதைப்பம்” என்று சொல்லிவிட்டாள். இனி ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. ஊரிலை எவடம்?

யாழ்ப்பாணத்தார் இதைக் கேட்பது இடத்தை அறிவதற்கு இல்லை. கோயிலுக்குக் கிட்டவோ, தள்ளியோ, எந்த ஒழுங்கை, ஆருடைய வீட்டுக்குப் பக்கத்திலை என்று சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் சாதியில் நிற்கும் கேள்வி அது. றோசலின் இதற்கு ஒரு மறுமொழி வைத்திருந்தாள். “நாங்கள் கனகாலம் கொழும்பிலை.” கனடாவுக்கு வந்த நாளில் இருந்து இதைச் சொல்லித்தான் தப்பி வந்தாள். மகளுக்குக்கூட வேறு கதை சொன்னதில்லை. பிள்ளை இந்த நாட்டில் வளருகிறது, அந்த நாற்றம் அதற்கு எதற்கு என்று நினைத்தாள்.

முதல் ஞாயிறு, பூசைக்கு முன்னம், ஹெல்கா என்ற கிழவி கோயிலைச் சுற்றிக் காட்டினாள். அவள் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல, றொஷினி தனக்குத் தெரிந்த தமிழில் எல்லாருக்கும் எடுத்துச் சொன்னாள். வட ஜேர்மனியில் ஏதோ ஒரு கிராமத்தில் எழுநூறு வருடத்துக்கு முந்திக் கட்டிய கோயிலாம். அந்த ஊரில் பிறந்து இங்கே வியாபாரத்தில் கொழுத்த ஒருவர், அதே போல ஒன்றை இங்கே எழுப்பியிருக்கிறார். சுவர்கள் ஒரு ஆள் படுக்கலாம் போன்ற தடிப்பு. ஜன்னல்கள் சின்னஞ்சிறியவை. மாதாவும் இல்லை, அந்தோனியாரும் இல்லை, எங்கும் வெறும் வெள்ளைச் சுண்ணாம்பு. அந்த ஊர்க் கோயிலைத் திருத்தியபோது கழித்துப்போட்ட சாமான்களையும் மனிதர் விலைக்கு வாங்கிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். வாசலுக்குக் கிட்ட ஒரு முழுக் கருங்கல்லில் குடைந்த ஞானஸ்நானத் தொட்டி, படி வைத்து ஏறுகிற பிரசங்க மேடை, பிறகு சனம் இருந்து பூசை காண்கிற இந்த வாங்குகள்.

வாங்குகளைத்தான் சனம் அதிசயமாகப் பார்த்தது. ஒவ்வொன்றும் இடுப்பளவு பலகை அடைத்த ஒரு கூடு. மறு அந்தம் சுவரோடு முட்டி நிற்க, நடைபாதைப் பக்கம் மட்டும் ஒரு குட்டிக் கதவும் அதற்கு வெளியே ஒரு இரும்புக் கொளுக்கியும் இருந்தன. குளிர் காலில் ஏறாமல் இருக்கத்தான் கதவு என்றாள் ஹெல்கா. ஆனால் ஒவ்வொரு வாங்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கு உரியது, காணி கூடினவன் முன்னுக்கு என்பதையும் சொன்னாள்.

மேல்மாடத்துப் படிக்குக் கீழே, ஒரு தூணுக்குப் பின்னால், கதவில்லாத வாங்கு ஒன்று தனியாகக் கிடந்தது. ஹெல்கா அதற்குக் கிட்ட வந்து குரலைக் குறைத்தாள்.

“இது வந்து, ஆக்களைத் தூக்கிலை போடுறவரின்ரை குடும்பம் இருக்கிறதாம்,” என்று றொஷினி சொன்னாள். “செத்த மாடெல்லாம் எடுக்கிறதும் அவைதானாம். மற்ற ஆக்கள் அவையைத் தொடமாட்டினமாம். நற்கருணையும் கடைசியாத்தான் குடுக்கிறதாம். இஞ்சை இருந்து பாத்தால் பீடம் தெரியாது.”

“பாவங்கள்,” என்றாள் அக்னெஸ். “இந்தக் கொடுமை எங்கட சனத்திலை மட்டுந்தான் எண்டு நினைச்சன்.” மெய்யாகவே அவளுக்குக் கண் கலங்கியது. றோசலின் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஊரை விட்டுக் கடல் தாண்டி வந்தவன் அந்த வாங்கையும் மறக்காமல் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறானே, அவன் நல்லாய் இருப்பானா என்று வயிறெரிந்தாள்.

கதைக்கிறதென்று குறித்த ஞாயிறும் வந்தது. றோசலின் விடியவே எழும்பி றோல்ஸ் பொரித்தாள். கோயிலுக்கு வந்ததும் மகளோடு கீழே மண்டபத்தில் சாப்பாட்டை வைக்கப் போனாள். போகும்போது புருஷன் சவிரிமுத்துவிடம், “இஞ்சாருங்கோ, அக்னெசாக்கள் மூண்டாவது வாங்கிலை இடம் பிடிச்சு வைச்சிருக்கினம். அவையோடை போய் இருங்கோ” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சவிரிமுத்து டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாடு ஏற்றுகிற வேலை செய்பவர். அதிகம் கதைக்க மாட்டார். பழைய கோயிலில் றோசலின் முன்னுக்கு நடப்பாள், அவர் பின்னால் வந்து அவள் இருக்கிற இடத்தில் இருப்பார். அங்கே வாங்குகளுக்குக் கதவு இல்லை. லுத்தரன் கோயிலுக்கு வந்த பிறகும் றோசலின்தான் கதவைத் திறந்துவிட்டாள். இதை அவள் கவனித்திருக்க வேண்டும்.

அவள் மேலே ஏறி வந்தபோது சவிரிமுத்து மூன்றாவது வாங்கின் கதவடியில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே அக்னெஸ், ஞானேந்திரன், நிஷான். மூன்று பேருக்கு இடமும் கிடந்தது. “வாங்கோ அண்ணை, வந்து இருங்கோ” என்று அக்னெஸ் வாய் நிறையக் கூப்பிட்டாள். கதவு அவருடைய இடுப்புக்கு நேரே இருந்தது. கொளுக்கி அவருடைய பக்கம். ஒரு விரலால் தட்டினால் போதும். அவர் தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, யாராவது திறந்துவிடுவார்கள் என்று நின்றார்.

அக்னெஸின் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு அவள் அவருடைய கைகளைப் பார்த்தாள். அந்த நிற்பை அவள் சின்ன வயதில் தன் வீட்டு முற்றத்தில் எத்தனையோ தரம் கண்டிருப்பாள்.

“பறவாயில்லை,” என்றார் சவிரிமுத்து. “நான் அங்காலை இருக்கிறன்.”

நடந்துபோய்த் தூணுக்குப் பின்னால், கதவில்லாத வாங்கில் இருந்தார். அதன் கதையை அவர் கேட்டிருக்கவில்லை. அந்த முதல் ஞாயிறு அவருக்கு வேலை.

பூசை முடிந்து கீழே வந்தபோது அக்னெஸ் கோப்பியை வாங்கிக் கையில் வைத்திருந்தாள், குடிக்கவில்லை. றோல்சை, “எனக்குச் சுகர்” என்று தள்ளிவிட்டாள். பிறகு மிகவும் அன்பான குரலில் கேட்டாள்.

“அண்ணை, ஊர்க் கோயிலிலை நீங்கள் எந்தப் பக்கம் இருக்கிறனீங்கள்?”

றோசலின் வாயைத் திறப்பதற்குள், “பின் வாசலடியிலை” என்று சொல்லிவிட்டார் அந்த மனிதர். பொய் சொல்லத் தெரியாத ஒருவரோடு குடும்பம் நடத்துவது லேசான காரியம் இல்லை.

அந்தக் கிழமையே அக்னெஸ் தொலைபேசி எடுத்தாள். “பிள்ளையளுக்கு வயசிருக்குத்தானே, பேந்து பாப்பம்.” நிஷான் முதலில், அம்மாவைச் சமாளிக்கிறேன் என்றான். பிறகு வேலை கூடிப்போச்சு என்றான். அதற்குப் பிறகு எடுத்தாலும் பதில் இல்லை.

றொஷினி அழுது களைத்தபின் தாயைப் பிடித்து உலுக்கிக் கேட்டாள். றோசலினுக்கு இனி மறைத்து என்ன. முழுக்கச் சொன்னாள். பிள்ளைக்கு அது விளங்கவே இல்லை. தகப்பனிடம் போய் நின்றாள்.

“அவ கூப்பிட்டவதானே பப்பா. கதவைத் திறந்து போய் இருந்திருக்கலாந்தானே.”

“திறக்கத் தெரியாமல் இல்லை, பிள்ளை,” என்றார் சவிரிமுத்து. “கை போகேல்லை.”

அவருடைய தகப்பன் ஊர்க் கோயிலில் ஒரு பெருநாளில் முன்வரிசையில் போய் இருந்தவர். அன்று பின்னேரமே வலது கையை முறித்துப்போட்டார்கள். பிறகு அந்தக் கையால் வலை இழுக்க முடியவில்லை. அதைச் சவிரிமுத்து இதுவரை மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிட்டு, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

அடுத்த ஞாயிறு றோசலின் கூறைச் சேலையை எடுத்து உடுத்தாள். அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த மரக்கதவை அடுப்பில் வைத்தாலும் ஆறாது போல இருந்தது. புருஷனையும் மகளையும் இழுத்துக்கொண்டு கோயிலுக்குள் நேரே நடந்தாள். மூன்றாவது வாங்கில் அக்னெஸ் குடும்பம் இருந்தது. றோசலின் கொளுக்கியைத் தட்டிக் கதவைத் திறந்தாள். முதலில் றொஷினியை உள்ளே விட்டாள். பிறகு தான் இருந்தாள். கதவோரமாகச் சவிரிமுத்துவைக் கையில் பிடித்து இருத்தினாள். பீடம் நேரே தெரிந்தது.

அக்னெஸ் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

“சுகமோ றோசலின்? இண்டைக்குச் சரியான குளிர், என்ன?” என்றாள். “இந்தச் சுவரோரம் எனக்கு ஒத்துவரேல்லை. நாங்கள் அங்காலை சூட்டடியிலை போய் இருக்கிறம்.”

அக்னெஸ் எழும்பினாள், ஞானேந்திரன் எழும்பினார், நிஷான் எழும்பினான். வெளியே போக அந்த ஒரு கதவுதான். றோசலின் காலை அசைக்காமல் இருக்கத்தான் நினைத்தாள். ஆனால் கதவோரத்தில் இருந்த சவிரிமுத்து உடனே எழுந்து, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, நடைபாதைக்கு இறங்கி ஒதுங்கி நின்றார். அவர்கள் தாராளமாகப் போகட்டும் என்று கதவையும் அகலத் திறந்து பிடித்தார். அன்று போகாத கை இப்போது தானாகப் போனது.

அக்னெஸ் சேலைத் தலைப்பை ஒடுக்கிப் பிடித்துக்கொண்டு அவரைக் கடந்தாள். நிஷான் கடைசியாக வந்தான். றொஷினியின் முழங்காலைத் தாண்டும்போது, “பார்தோன்” என்று தெரியாத ஆளிடம் பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்பதுபோல மெல்லச் சொன்னான்.

சவிரிமுத்து திரும்ப உள்ளே வந்து மனைவிக்குப் பக்கத்தில் இருந்தார். நிஷான் நல்ல வளர்ப்பு வளர்ந்த பிள்ளை. இரண்டடி போனவன் திரும்பி வந்து, அவர்களுக்குக் குளிர் அடிக்காமல் கதவைச் சாத்தி, கொளுக்கியையும் போட்டுவிட்டுப் போனான்.