அண்ணன் போட்ட சிவப்புக் கோடு

மூன்றாவது முறையும் பலகை பேராச்சியைத் தூக்கி எறிந்தது. எறிவதற்கு முன் ஒரு நொடி தண்ணீரை விட்டு எழும்பி நிற்கத்தான் செய்தது. மேலே பட்டம் கயிற்றைக் கிண்ணென்று இழுத்தது. காலுக்குக் கீழே கடலே இல்லாத மாதிரி இருந்தது. சரி, வந்துவிட்டது என்று அவள் நினைக்கும்போதே பலகையின் மூக்கு, முரட்டு மாடு தலையை உதறுவது போல வானத்தைப் பார்த்தது. அடுத்த கணம் வாய் நிறைய உப்புத் தண்ணீர்.

கரையிலிருந்து அனந்த் சார் கையைக் குவித்துக் கத்தினார். "என்ன பேராச்சி, கடல்ல உப்பு சரியா இருக்கான்னு இன்னும் எத்தனை தடவை பாக்கப் போறே?"

மும்பை மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர் அவர். உரண் பக்கத்துக் கடற்கரையில் கைட் சர்ஃபிங் பள்ளி நடத்துகிறார். பெரிய பட்டத்தை இடுப்போடு பூட்டிக்கொண்டு, அது இழுக்கிற இழுப்பில் பலகைமேல் நின்று கடலில் ஓடும் விளையாட்டு. மழைக்காலம் முடிந்ததும் பெண்களுக்குத் தனி வகுப்பு தொடங்கப் போகிறார். சொல்லிக்கொடுக்க ஒரு பெண் வேண்டும். "ஃபாயில்ல ஏறி அந்த மஞ்சள் மிதவையைச் சுத்திண்டு விழாம வா, வேலை உனக்கு" என்று பேராச்சியிடம் சொல்லியிருந்தார். இன்றைக்குள் அவளால் முடியாவிட்டால் புனேக்காரப் பெண் ஒருத்தி தயாராக இருக்கிறாள். மழைக்காக நாளை பள்ளியை மூடுகிறார்கள். ஐரோலியில் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, யார் வீட்டு மிக்ஸியோ ஓடாததற்கு நாள் முழுக்க 'சாரி மேடம்' சொல்லும் வேலையிலிருந்து வெளியேற, பேராச்சிக்குத் தெரிந்து இந்த ஒரு கதவுதான் இருந்தது.

நல்ல காற்றடிக்கும் நாளாக இருந்தால் அவளை யாரும் அசைக்க முடியாது. அவளுக்கும் அண்ணன் ராஜபாண்டிக்கும் சேர்த்து ஒரே பலகை. அதற்கு இரண்டு அவதாரம். அடியில் சின்னத் துடுப்புகளைச் சொருகினால் அலைப்பலகை. அவற்றைக் கழற்றிவிட்டு, நுனியில் குட்டி விமானம் போல இறக்கை வைத்த இடுப்புயரக் கம்பம் ஒன்றை அடியிலுள்ள நீளப் பள்ளத்தில் வேண்டிய இடத்தில் நகர்த்திப் பூட்டினால் ஹைட்ரோஃபாயில், சுருக்கமாக ஃபாயில். இறக்கை தண்ணீருக்குள் பறக்கும். பலகை தண்ணீருக்கு மேலே எழும்பும். இன்றைக்கு வீசுகிற சோம்பேறிக் காற்றுக்கு இதுதான் சரி. துடுப்பு மாட்டிய பலகையில் அவள் ராணி. ஃபாயிலில் ஏறிய நாலைந்து தடவையும் இப்படித்தான் மூக்குடைபட்டிருக்கிறாள்.

ராஜபாண்டி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்து பலகையைப் பிடித்துக்கொண்டான். ஆறு வருடமாக இந்தப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறவன். இரட்டைநாடி உடம்பு. பலகையைப் பூட்டுவதும் கழற்றுவதும் எப்போதும் அவன் வேலை. அதற்கான, போல்ட்டைத் திருகும் எல்-கீ அவன் அரைக்கால் சட்டைப் பையை விட்டு வெளியே வந்து வேறு கைக்குப் போனதில்லை.

"ஏட்டி, முன்னங்கால்ல வெயிட்ட போடுன்னு எத்தன தடவ சொல்லுதேன்?"

"போட்டுக்கிட்டுத்தான இருக்கேன். அதுக்கு மேல போட எங்கிட்ட வெயிட்டு இல்லண்ணே."

"பயப்படுத. அதான் விஷயம்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டான். "முடியலன்னா விட்ருட்டி. அடுத்த சீசன் பாத்துக்கிடலாம். சார்ட்ட நான் பேசுதேன்."

அவன் திட்டியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு எரிந்திருக்காது. இதே கனிவை அவள் முன்பும் கேட்டிருக்கிறாள். சின்ன வயதில், தாராவி நைன்ட்டி ஃபீட் ரோட்டில், அண்ணனின் சைக்கிளில். சீட் அவள் நெஞ்சுக்கு நின்றது. கம்பிக்குள் காலை விட்டு அரைப்பெடல் போட்டு, விழுந்து, முட்டி பெயர்ந்து, மறுபடி ஏறி விழுந்தாள். பிள்ளைக்குத் தைரியம் போதாது என்று தெருவே சொன்னது. அண்ணன் முட்டியில் மஞ்சள் பூசிவிட்டு, இன்னும் கொஞ்சம் வளர்ந்ததும் ஓட்டலாம் என்றான். சீட்டை இறக்கலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும்தான். ஒரே ஒரு நட்டு.

பேராச்சி பலகையைப் பிடித்துப் புரட்டினாள். கம்பத்தின் அடித்தட்டு ஒட்டி நிற்கும் இடத்தில் சிவப்பு மார்க்கரால் ஒரு கோடு.

"அண்ணே, இது யாரு கோடு?"

"யாரு கோடா? எங்கோடுதான். ஏக்தம் பக்கா செட்டிங். ஏன்?"

"எல்-கீய குடு."

"பாகல் ஆயிட்டியா? கிறுக்கா ஒனக்கு? காத்து செத்துக்கிட்டு வருது. கம்பத்த பின்னால நகட்டுனா எழும்பவே எழும்பாது."

"ஒனக்கு எழும்பாது," என்றாள் அவள். "என்னைத் தூக்கதுக்கு இதுல பாதி போதும்."

கரைக்கு வந்தார்கள். அனந்த் சார் பட்டத்தை இறக்கிப் பிடித்துக்கொண்டார். "இன்னும் ஒரு ரவுண்டுக்குத்தான் காத்து இருக்கு. அண்ணாவும் தங்கையும் சண்டையை அப்புறம் வெச்சுக்கோங்கோ."

எல்-கீ ராஜபாண்டியின் உள்ளங்கைச் சூட்டோடு அவளிடம் வந்தது. நாலு போல்ட்டையும் தளர்த்தி, கம்பத்தை வால் பக்கமாக இரண்டு விரல் அகலம் தள்ளினாள். சிவப்புக் கோடு இப்போது தனியாக, எதையும் தொடாமல் நின்றது. எழும்பாமல் போனால்? அண்ணன் சொன்னது சரி, தெரு சொன்னது சரி, திங்கட்கிழமை 'சாரி மேடம்' சரி. ஒவ்வொன்றாக இறுக்கினாள். முடித்ததும் ராஜபாண்டியின் கை பழக்கத்தில் சரிபார்க்க நீண்டது. பாதி வழியில் நின்று, காலியான பைக்குள் போய்விட்டது.

"கடேசி போல்ட்டு இன்னொரு சுத்து," என்றான், கடலைப் பார்த்துக்கொண்டு.

"சுத்தியாச்சுண்ணே."

பட்டம் ஏறியது. பலகை முதலில் தண்ணீரைத் தேய்த்துக்கொண்டு நகர்ந்தது. எழும்பவில்லை. பின்னால் அண்ணன் என்னவோ கத்தினான், அவள் திரும்பவில்லை. முன்னங்காலைக் கொஞ்சம் இலகுவாக்கினாள். யாரோ கீழிருந்து பதமாக ஏந்திக்கொடுப்பது போலப் பலகை எழுந்தது. அவள் மூக்குக்காகக் காத்திருந்தாள். மூக்கு துள்ளவில்லை.

இவ்வளவு நேரமும் பலகையில் அறைந்துகொண்டிருந்த தண்ணீரின் இரைச்சல் நின்றுவிட்டிருந்தது. அந்த அமைதியில் ஒரு சின்னச் சத்தம் மட்டும் கூடவே வந்தது: டிக், டிக். திருப்பிக் கொடுக்க மறந்து லைஃப் ஜாக்கெட்டின் வளையத்தில் மாட்டிவைத்த எல்-கீ, ஜிப்பில் தட்டிக்கொண்டிருந்தது. எதிரே மஞ்சள் மிதவை பெரிதாகிக்கொண்டே வந்தது. அதைச் சுற்றிப் பலகையை வளைக்க, பேராச்சி குதிகாலில் மெல்லச் சாய்ந்தாள்.